வெயில் சுமந்த குரல்

காரிகனின் மீசையை எடுக்க வைக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். அந்த வாரம் முழுவதும் டாஸ்கருக்கு வேறு நினைப்பே இல்லை.

சாதாரண மீசையா அது? காரிகன் சந்தையில் காய்கறி ஏலம் கூவிக்கொண்டிருந்த காலத்திலிருந்து வளர்த்தது. இரண்டு உதட்டையும் மூடிக்கொண்டு தொங்கும். காப்பி குடித்தால் பாதியை மீசையே குடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது மெழுகு தடவி முறுக்கிவிடுவான். அப்படிப்பட்டதை எடுத்துவிடு என்று ஒருவன் எந்த வாயால் சொல்வான்? உண்மைக் காரணத்தைச் சொன்னாலோ, டாஸ்கரின் பிழைப்பு அன்றோடு போயிற்று.

அந்தக் காரணம் இதுதான். டாஸ்கருக்குக் காது கேட்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்கூடத்துக்குக் காது என்று இருந்ததே அவன் ஒருவன்தான்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெதர்பீ வீட்டுக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தைக் காலி செய்து, கடைசல் இயந்திரம் ஒன்றையும் மேசைகளையும் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் பழைய குதிரைகளின் வாசம் எழுந்து வந்துவிடும். கம்பியில் பேசுகிற தொலைபேசி வந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம் அது. ஊரெல்லாம் கம்பத்தில் கம்பி இழுத்துக்கொண்டிருக்க, ஆல்டன் வெதர்பீ மட்டும் கம்பியே வேண்டாம், வெயிலிலேயே பேச்சை அனுப்பலாம் என்று கிளம்பினார்.

அவர் சொன்னது நடக்காத காரியம் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடி. அங்கே நின்றுகொண்டு காரிகன் ஒரு புனலுக்குள் கூவுவான். புனலிலிருந்து ரப்பர் குழாய் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டின் முதுகுக்குப் போகும். குரலுக்குத் தகடு நடுங்கும்; தகட்டில் பட்டுத் தெறிக்கிற வெயிலும் அதோடு சேர்ந்து நடுங்கும். அந்த நடுங்குகிற வெயில் கூரைகளைத் தாண்டி வந்து, லாயத்து மாடியில் வைத்திருந்த பெரிய குழிக்கண்ணாடியில் விழும். அதன் நடுவே செலினியம் என்று ஒரு பொருள். வெளிச்சம் கூடினால் மின்சாரத்தை விடும், குறைந்தால் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் காதுக்குழலை எடுத்துக் காதில் வைத்தால், காரிகன் பேசுவது கேட்க வேண்டும். கேட்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் டாஸ்கரின் வேலை. கண்ணாடிகள் இரண்டும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்க்க அவன் பக்கத்தில் ஒரு தொலைநோக்கியும் உண்டு. கண் தொலைநோக்கியில், காது குழலில்.

வெதர்பீயே கேட்டுக்கொண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அவர் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆசைப்படுகிறவன் காது கூட்டிக் கேட்கும், ஆகையால் கருவியைக் கண்டுபிடித்தவன் அதில் காது வைக்கக் கூடாது. அன்று முதல் ஒரு தடவைகூட அவர் அந்தக் குழலைத் தொட்டதில்லை. டாஸ்கர் கடைசல் பிடிக்க வந்தவன். கருவி ஜெயித்தாலும் தோற்றாலும் அவனுக்கு ஒன்றுதான். அதனால் அவன் காதைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் டாஸ்கருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒரேயடியாக இல்லை. முதலில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது, பிறகு தண்ணீருக்குள் முங்கின மாதிரி, பிறகு ஒன்றுமே இல்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாளைக்கு வரவே இல்லை. இதற்குள் பல வாரங்கள் "தெளிவு", "மங்கல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தான். இனி எப்படிச் சொல்வது?

எப்படிச் சமாளித்தான் என்றால், காரிகன் எப்போதும் ஒரே கூவலைத்தான் கூவுவான். "மேரிலாந்து ஆப்பிள், ஏழு பீப்பாய், அழுகல் ஒண்ணுகூட இல்ல!" ஏலக்காரன் வாயில் வேறு என்ன வரும்? அது லாயத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். காதுக்குழலின் தகட்டில் விரல் நுனியை வைத்தால் நடுக்கம் தெரியும். நடுக்கம் பலமாக இருந்தால் தெளிவு, இல்லாவிட்டால் மங்கல்.

மற்ற நேரங்களில் அவனைக் காப்பாற்றியது அந்த வீட்டு வழக்கம். வெதர்பீயின் மனைவி கொர்னீலியாவுக்குச் சிறு வயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். ஆகவே அந்த வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் பேசக் கூடாது. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டும் பேசக் கூடாது. விளக்கு எப்போதும் பேசுகிறவர் முகத்துப் பக்கம் இருக்க வேண்டும். லாயத்து ஆட்களும் அவர்கள் மேசையில்தான் சாப்பிடுவார்கள். எல்லோரும் முகத்தைக் காட்டி நிதானமாகப் பேசப் பேச, டாஸ்கரும் யாரும் கற்றுக்கொடுக்காமலே உதடு படிக்கப் பழகிவிட்டான். அந்த வீட்டில் அவனுக்குப் படிக்க முடியாமல் இருந்தது காரிகனின் மீசை ஒன்றுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளிக்கிழமை பிராக்வே வருகிறார் என்ற செய்தி வந்தது. அறிவியல் சங்கத்தின் பெரிய மனிதர். வெதர்பீயின் கையிருப்பு அந்த வசந்தத்தோடு தீர்ந்துவிடும். இவர் திருப்திப்பட்டால் சங்கம் ஆய்வுக்கூடத்தைத் தாங்கும், இல்லாவிட்டால் லாயத்தில் மறுபடி குதிரை கட்ட வேண்டியதுதான். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆப்பிள் பீப்பாய் எல்லாம் வேண்டாம், விதைக் கடையின் விலைப் புத்தகம் ஒன்றை அவரே கொண்டுவருவார், அதில் அவருடைய ஆள் தொட்டுக் காட்டுகிற வரியைத்தான் படிக்க வேண்டும். அதே புத்தகம் இன்னொன்று, அதே வரிகளில் குறி போட்டு, அவர் கையில் இருக்கும்.

மதியச் சாப்பாட்டில் டாஸ்கர் பேச்சை எடுத்தான். மீசை மயிர் குரலை வடிகட்டுகிறது, அதனால்தான் மங்கல் விழுகிறது என்று ஆரம்பித்தான்.

காரிகன் கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தன நாளா வடிகட்டாதது இப்பத்தான் வடிகட்டுதா? டேய் டாஸ்கர், உனக்கு மொளைக்கலன்னு பொறாமடா."

"பெரிய மனுஷன் வராரு. நாம ஒண்ணையும் விடாம பாக்கணும்ல?"

"பாக்கணும்னா உன் தலைமயிரையும் செரச்சுப் பாப்போமே. வெயிலு நல்லாத் தெறிக்கும்."

மேசை சிரித்தது. ஆனால் வெதர்பீ சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, எதையும் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றார். முதலாளியே சொன்ன பிறகு என்ன செய்ய? காரிகன் அன்று சாயங்காலமே நாவிதர் கடைக்குப் போனான். மறுநாள் வந்தபோது முகம் உரித்த உருளைக்கிழங்கு போல இருந்தது. வாசலில் நின்ற தன்னைப் பார்த்து, வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் என்று தன் பெண்டாட்டியே கதவைச் சாத்திவிட்டாள் என்று புலம்பினான்.

சாப்பாட்டு மேசையின் எதிர்முனையில் அமர்ந்திருந்த கொர்னீலியா அம்மா மட்டும் காரிகனைப் பார்க்காமல் டாஸ்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை டாஸ்கர் லாயத்து மாடியில் குழிக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே நின்றார். "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல, எங்க மாமனார மீசைய எடுக்கச் சொன்னேன். வீட்டுல பெரிய சண்டை."

"அப்புறம் எடுத்தாருங்களாம்மா?"

"பாதி எடுத்தாரு. கீழ் பாதிய." அவர் கொஞ்சம் சிரித்தார். "கண்ணாடி ஓரத்துல அழுக்கு இருக்கு பாருங்க."

டாஸ்கர் குனிந்து பார்த்தான். "எங்கங்கம்மா?"

அவர் உதடு மெதுவாக அசைந்தது. "டாஸ்கர், அழுக்கு இருக்குன்னு சொன்னப்போ நான் சத்தமே விடல. இப்பவும் விடல."

அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

"காய்ச்சலுக்கு அப்புறம்."

அவர் திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை. அவரோ துணியைக் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தார். "நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும். நாளைக்கு அந்த மனுஷர் வர்றதுக்கு முன்னாடி சொல்லிடணும்."

சொல்லத்தான் போனான். வெதர்பீ மேசையில் தனியாக இருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை, இந்த வீட்டில் நிம்மதியாக நம்பக்கூடியது உன் காது ஒன்றுதான் என்றார். டாஸ்கர், நாளைக்கு நல்ல வெயில் அடிக்கும் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

வாஷிங்டனில் மார்ச் மாதத்து வானத்தை நம்பி யாரும் துணிகூடக் காயப் போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்தது. மேகங்கள் ஆட்டுமந்தை போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. நடு நடுவே நல்ல வெயிலும் இருந்தது.

பிராக்வே லாயத்து மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். நெஞ்சு வரை இறங்கிய வெள்ளைத் தாடி. அந்தத் தாடிக்குள் வாய் எங்கே இருக்கிறது என்றே டாஸ்கருக்குத் தெரியவில்லை. அவர் ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது? நல்லவேளையாக, அவர் எது கேட்டாலும் வெதர்பீ திரும்பி இவனிடம் அதையே கேட்டார். கொர்னீலியா அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றார். டாஸ்கர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எதிர் மாடியில் காரிகன் தொப்பியை ஆட்டினான். பக்கத்தில் பிராக்வேயின் ஆள் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். காரிகன் வாய்க்கு நேராகப் புனலைப் பிடிக்க மாட்டான். அவன் தொண்டைக்கு ஏற்கெனவே இரண்டு தகடுகள் பிளந்துபோயிருந்தன. மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஏலச் சந்தையில் ஆட்களைப் பார்ப்பது போலத் தலை நிமிர்ந்து கூவுவான். இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் டாஸ்கர் மீசைக்கு வழி தேடியது.

குழலைக் காதில் வைத்துக் கண்ணைத் தொலைநோக்கியில் பொருத்தினான். பொருத்தியதும் பகீரென்றது. தகட்டிலிருந்து வரும் வெயில் கண்ணைக் குத்தியது. அந்த ஒளிப் பந்தின் ஓரத்தில் காரிகனின் முகம் கரிக்கட்டை போல மங்கித் தெரிந்தது. இது எப்போதும் இருந்ததுதான், ஆனால் அப்போதெல்லாம் அவன் உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லையே. கண்ணில் நீர் வழிய வழிய இமைக்காமல் பார்த்தான்.

உதடு அசைந்தது. "முட்டைக்கோஸ்," என்றான் டாஸ்கர். "முன்பருவ முட்டைக்கோஸ்."

அடுத்தது பட்டாணி. அதற்கடுத்தது புரியவில்லை, உதடு ஒட்டிப் பிரிந்தது மட்டும் தெரிந்தது. மங்கல் என்றான். பிறகு நீள வெள்ளரி. ஓரக்கண்ணால் பார்த்தபோது பிராக்வே புத்தகத்தில் விரலை வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெதர்பீ விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் ஒரு பக்கம். கடவுளே, அந்தக் கண்கூச்சம் மட்டும் கொஞ்சம் குறைந்தால் போதும்.

குறைந்தது. சட்டென்று ஒளிப் பந்து காணாமல் போய், காரிகனின் முகம் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தது. உதட்டோரத்து வெட்டுக்காயம்கூடத் தெரிந்தது. டாஸ்கருக்குத் தலைமேல் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. இப்போது ஒரு சொல்கூடத் தப்பவில்லை. "ஊதாத்தலை டர்னிப். உருண்டை பீட்ரூட். பனிக்காலப் பூசணி, கெட்டித்தோல். பெரிய பூசணி, மாட்டுக்கு..." மள மளவென்று சொல்லிக்கொண்டே போனான். இவ்வளவு நன்றாக அவன் என்றைக்குமே சொன்னதில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது.

நிமிர்ந்தான். மாடி முழுக்க நிழல். தலைக்கு நேர் மேலே கறுத்த மேகம் ஒன்று சூரியனை முழுசாக விழுங்கிவிட்டு நகர மனமில்லாமல் நின்றது. குழிக்கண்ணாடி, விளக்கணைத்த வீட்டு ஜன்னல் போலக் கிடந்தது. வெதர்பீயின் முகம் வெளுத்திருந்தது. பழக்கதோஷம், அப்போதும் முகத்தைக் காட்டி நிதானமாகத்தான் பேசினார்.

"டாஸ்கர், வெயில் போயி நேரமாச்சு."

பிராக்வே புத்தகத்தை மூடினார். அவர் சொன்னதை வெதர்பீ இவனுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. பின்னால் பிராக்வேயின் ஆளிடம் கேட்டுக் காரிகன் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது. "இருட்டுல இன்னும் நல்லாப் பேசுதே உங்க கருவி. வெயில் எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார். வெதர்பீயின் ஒரு வாழ்நாள் உழைப்பு, பித்தலாட்டம் என்ற பெயரோடு படியிறங்கப் போகிறது.

டாஸ்கர் ஓடிப்போய்ப் படியை மறித்துக்கொண்டான்.

"ஐயா, எனக்குக் காது கேக்காது. அவருக்குத் தெரியாது. சத்தியமா அவருக்குத் தெரியாது. காரிகன் உதட்டப் பாத்துத்தான் சொன்னேன்."

தாடி அசைந்தது. இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கையைக் கூப்பினான். "என்ன கேக்கறீங்கன்னு தெரியலங்க. உங்க தாடியில என்னால படிக்க முடியல. இந்தக் கருவி பேசுதா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க. மாசக்கணக்கா தெரியாது. நீங்களே காதுல வச்சுப் பாருங்க. வெயில் வர்ற வரைக்கும் இருங்க, அது போதும்."

பிராக்வே நின்றார். வானத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து டாஸ்கரின் முக்காலியில் உட்கார்ந்து குழலை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

அந்த மேகம் இருக்கிறதே, அது போனால்தானே! எல்லோரும் தலையை அண்ணாந்துகொண்டு நின்றார்கள். எதிர் மாடியில் காரிகன் ஒன்றும் அறியாமல் கூவிக்கொண்டே இருந்தான். டாஸ்கருக்கு முதல் தடவையாக இன்னொரு பயம் வந்தது. தன் வேலை போவதைப் பற்றியது அல்ல அது. விரல் நுனியை வைத்துத் தெளிவு என்றும் மங்கல் என்றும் சொல்லிச் சொல்லி, இந்த மனிதரை எந்தப் பாழுங்கிணற்றுக்கு நடத்திக்கொண்டு வந்திருக்கிறோமோ?

மேகத்தின் ஓரம் பழுத்தது. வெயில் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் ஏறியது. பிறகு மாடிச் சுவரில். பிறகு குழிக்கண்ணாடி பளீரென்று பற்றிக்கொண்டது.

பிராக்வே கண்ணை மூடிக்கொண்டார். தாடி லேசாக அசைந்தது. முணுமுணுக்கிறாரா? மூச்சு விடுகிறாரா? டாஸ்கர் கொர்னீலியா அம்மாவைப் பார்த்தான். அவரும் அந்தத் தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று தலையை அசைத்தார். அந்த மாடியில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

அப்போது வெதர்பீ திரும்பினார். கண் கலங்கியிருந்தது. தன் மனைவிக்கும் டாஸ்கருக்கும் நேராக நின்றுகொண்டு, கிழவர் முணுமுணுப்பதை ஒவ்வொரு சொல்லாக உதட்டில் எடுத்துக் கொடுத்தார். சின்ன வெங்காயம். குட்டை அவரை. ஏதோ ஒன்று, புரியவில்லையாம். சிவப்பு முள்ளங்கி. மறுபடி புரியவில்லையாம். பரங்கி.

கருவி பேசியது. திக்கித் திக்கித்தான், ஆனாலும் பேசியது.

பிராக்வே குழலை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு வருடச் செலவுக்குச் சங்கத்திடம் பேசுவதாகச் சொன்னார். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் சொன்ன தீர்ப்புகள் அத்தனையும் செல்லாது. முதலிலிருந்து புது ஆள் காதால், தினம் ஒரு புது வாசகத்தோடு செய்ய வேண்டும். டாஸ்கரைப் பார்த்து ஏதோ சொன்னார். அது வசவா, வாழ்த்தா என்று அவனுக்குத் தெரியாது. கடைசி வரை யாரும் சொல்லவும் இல்லை.

அவர் வண்டி போன பிறகு மூன்று பேரும் லாயத்துக்குள் வந்தார்கள். வெதர்பீ நேரே ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். டாஸ்கர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். வெதர்பீயின் தோள்கள் குலுங்கின. ஒரு கை மேலே போய்க் கீழே வந்தது. பேசுகிறார். நிறையப் பேசுகிறார். என்ன பேசுகிறார்? போ என்கிறாரா? இத்தனை வருடத்தில் அவர் முதுகைக் காட்டிப் பேசி டாஸ்கர் பார்த்ததே இல்லை. அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தன் காது போனது முழுசாக உறைத்தது.

கொர்னீலியா அம்மா போய்க் கணவரின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார்.

"திட்டறதா இருந்தா இந்தப் பக்கம் பாத்துத் திட்டுங்க. முகத்தக் காட்டிப் பேச வேண்டியவங்க இப்ப இந்த வீட்டுல ரெண்டு பேரு."

வெதர்பீ திரும்பி நின்றார். கோபம் முகத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் உதடு மெதுவாக, அந்த வீட்டு வழக்கப்படி அசைந்தது.

"காரிகனுக்கு நிறுத்தச் சொல்லி யாரும் தொப்பி ஆட்டல. இன்னும் அங்க நின்னு கூவிக்கிட்டிருக்கான். போய்க் கூட்டிட்டு வா. மீசை எதுக்குப் போச்சுன்னு நீயே அவன்கிட்ட சொல்லிடு. சொல்லிட்டு உசுரோட இருந்தா, திங்கக்கிழமை கடைசலுக்கு வா."